எங்கே நின்றுகொண்டு தூக்கினான்?

"மூணு சொட்டு! நான் எண்ணிப் பாத்துட்டேன், மூணு சொட்டு! உன்னை யாருடா வியர்வை போடச் சொன்னது?"

கதாசிரியர் மேசையை ஓங்கிக் குத்தினார். மைப் புட்டி துள்ளி விழப் போனது. எதிரே உட்கார்ந்திருந்த ஓவியன் அதைத் தாவிப் பிடித்து, தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டான். அவனுக்கு இது பழக்கம்தான்.

"பஸ்ஸைத் தள்றான் மாமா. அதுவும் மேட்டுல. நெத்தி மொட்டையா இருந்துச்சு, ஒரு இதுக்காகப் போட்டேன்."

"எதுக்காகடா?"

"ஒரு இதுக்காக."

வேறு யாராவது இப்படிப் பதில் சொல்லியிருந்தால் கதாசிரியர் நாற்காலியைத் தூக்கியிருப்பார். தூக்க முடியாவிட்டாலும் தூக்கப் போவது போல ஒரு சத்தமாவது போட்டிருப்பார். ஆனால் ஓவியன் அவர் மனைவியின் ஒரே தம்பி. இங்கே ஒரு வார்த்தை கூடினால், வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தம் மாறிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கையிலிருந்த கடிதத்தை மறுபடியும் படித்தார்.

'ஐயா, இதழ் 318-இல் மலைத்தோளன் நிலாவை நங்கூரச் சங்கிலியால் கட்டி, அது பூமியின் மேல் விழாதபடி பதினாறு பக்கங்கள் இழுத்துப் பிடித்தான். ஒரு சொட்டுகூட வியர்க்கவில்லை. இதழ் 1204-இல் நாற்பது பேர் உட்காரும் பஸ் ஒன்றைத் தள்ளும்போது மூன்று சொட்டு வியர்த்திருக்கிறது. நிலா கனமா, பஸ் கனமா? தெரிவிக்கவும்.'

அந்தத் 'தெரிவிக்கவும்'தான் கதாசிரியரைக் கொன்றது.

மலைத்தோளன் வாராவாரம் வருகிற படக்கதையின் நாயகன். அவனைக் கதாசிரியர் உண்டாக்கவில்லை. அவருக்கு முன்னால் நான்கு பேர் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஆளாளுக்கு அவன் தோளில் ஒரு சுமையை ஏற்றிவிட்டே போனார்கள். முதல் ஆள் அவனை ரயிலை நிறுத்தவைத்தார். இரண்டாமவர் நிலாவை இழுக்கவைத்தார். மூன்றாமவர், இரண்டு சூறாவளிகளின் வால்களைப் பிடித்து ஒன்றோடொன்று முடிச்சுப் போடவைத்தார். நான்காமவர் வேலையை விட்டுப் போகிற கோபத்தில், எரிமலையின் வாயை உள்ளங்கையால் பொத்தி ஒரு வாரம் அப்படியே உட்காரவைத்துவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கதாசிரியர் வந்து சேர்ந்தபோது அவனுக்குச் செய்ய ஒன்றுமே மிச்சமில்லை. ஒரு மாறுதலுக்கு, மனிதத்தன்மையோடு இருக்கட்டுமே என்றுதான் பஸ்ஸைத் தள்ளவிட்டார். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

"குப்பையில போடுறேன்," என்றார்.

"ஐயோ, போடாதய்யா!" என்று பக்கத்து மேசையிலிருந்து ஆசிரியர் எழுந்து வந்தார். பத்திரிகையின் ஆசிரியர் பருத்த உடம்பும் மெல்லிய குரலும் கொண்டவர். யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். "வாசகர் கேட்டிருக்காரு. பதில் போட்டே ஆகணும். மரியாதையா, அவர் மனசு நோகாம."

"என் மனசு நொந்தா பரவாயில்லையா சார்?"

"உனக்கென்னய்யா, நீ சின்னப் பிள்ளையா?"

கதாசிரியருக்கு நாற்பத்து நான்கு வயது. கீழ்த்தளத்தில் அச்சகம். நாள் முழுக்க மருந்துச் சீட்டுகளும் ரசீதுப் புத்தகங்களும் தடதடவென்று அடித்துத் தள்ளும். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே மாடியில் இருக்கிற பத்திரிகைக்காரர்களுக்குத் தொண்டை பெரிதாகிவிட்டிருந்தது. கதாசிரியருக்குத் தொண்டை முன்பே பெரிது.

அந்த வாரம் பதில் எழுதினார்: 'பஸ்ஸைத் தள்ளிய அன்று மலைத்தோளனுக்குக் காய்ச்சல். ஆகவேதான் வியர்வை.'

எழுதி முடித்ததும் ஒரு நிம்மதி. சாயங்காலம் வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னார். மனைவி பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர்கள் வாயைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, தன் வாயைத் தேவைக்கு மட்டும் திறக்கப் பழகியவள்.

"காய்ச்சலா? ஊசி போட்டாங்களா?" என்றாள்.

"போட்டிருப்பாங்க."

"எப்படி? ஈட்டியே அவன் தோல்ல பட்டு ஒடிஞ்சு போச்சுன்னு போன வருஷம் நீங்கதானே எழுதினீங்க?"

"சும்மா இருடி. யாரும் அதையெல்லாம் கவனிக்க மாட்டாங்க."

அடுத்த திங்கட்கிழமை பார்சல்காரர் மாடிப்படி ஏறி வந்தார். கீழே அச்சகத்தில் கட்டுகள் கட்டி அனுப்புகிறவர் அவர்தான். தபாலில் வருவதை மேலே கொண்டுவந்து கொடுப்பதும் அவர்தான். கடிதத்தைக் கதாசிரியர் மேசையில் வைத்துவிட்டு, "நல்ல கனமா இருக்கு சார் இந்த வாட்டி," என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.

'ஐயா, காய்ச்சல் என்று அறிந்து வருந்தினேன். இதழ் 902-இல் எரிமலைக் குழம்பில் கழுத்தளவு நின்றவனுக்கு உடம்பு சுடவில்லை. இப்போது எப்படிச் சுட்டது? ஊசி போட்டார்களா? இதழ் 1130-இல் ஈட்டியே அவன் தோலில் பட்டு ஒடிந்ததே? எந்த ஊசி? தெரிவிக்கவும்.'

கதாசிரியருக்குக் காது மடல் சிவந்தது. ஊசியும் ஈட்டியும் அப்படியே அவர் மனைவி கேட்ட கேள்விகள். அவர் கையெழுத்தைப் பார்த்தார். சாய்ந்த கையெழுத்து. மனைவியின் கையெழுத்தும் சாய்ந்ததுதான்.

அதற்கு மேல் யோசிக்க அவரால் முடியவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு, ஓவியனையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு, பட்டப்பகலில் பல் மருத்துவமனைக்கே போய்விட்டார். அங்கே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்து கிடந்தார். மருத்துவர் உள்ளே குடைந்துகொண்டிருந்தார். மனைவி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீதானே? ஒத்துக்கோ! இது நீ எழுதினதுதானே?"

மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். முழுக்கப் படித்தாள். அதற்குள் சாய்ந்து கிடந்தவரின் வாய் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

"இல்ல," என்றாள். "ஆனா எழுதினவர் யாரோ, புத்திசாலி."

"உன் தம்பி வியர்வை போட்டான், நீ கடுதாசி போட்டே! அக்காளும் தம்பியும் சேந்து என்னைப் பைத்தியமாக்கறீங்க!"

அவ்வளவுதான். மருத்துவர் அவரை வெளியே போகச் சொன்னார். மனைவி அன்று சாயங்காலம் முதல் பேசவில்லை. அக்காவுக்கு ஆதரவாகத் தம்பியும் பேசவில்லை. வீட்டில் ஒரு மௌனம், ஆபீசில் ஒரு மௌனம். கதாசிரியர் தனக்குத்தானே கத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஊசிக்குப் பதில் கிடைக்கவில்லை. அதனால் காய்ச்சலையே விட்டுவிட்டு வேறு பாதை பிடித்தார். 'காய்ச்சல் என்றது அச்சுப் பிழை. உண்மையில் அந்த பஸ்ஸின் அடியில் வில்லன் ஓர் உடைந்த நட்சத்திரத்தின் துண்டை ஒளித்து வைத்திருந்தான். பஸ்ஸின் எடை அப்போது ஒரு மலையின் எடை.'

"அச்சுப் பிழைங்கறது கொஞ்சம்..." என்று ஆசிரியர் இழுத்தார்.

"போடுங்க சார்!"

போட்டார்கள். திங்கட்கிழமை வந்தது. பார்சல்காரரும் வந்தார்.

'ஐயா, நட்சத்திரத் துண்டு பற்றி அறிந்து மகிழ்ந்தேன். மலை எடையுள்ள பஸ் நின்ற இடத்தில் சாலை உள்வாங்கவில்லை, டயர் வெடிக்கவில்லை. அதையும் விடுங்கள். பழுதாகி நிற்கும் வரை அந்த பஸ் மேட்டில் தானாகத்தான் ஓடி வந்தது. ஆக, மலைத்தோளனுக்கு வியர்க்கவைத்த கனத்தை ஒரு சாதாரண டீசல் எஞ்சின் வியர்க்காமல் இழுத்திருக்கிறது. அப்படியானால் அந்த டீசல் எஞ்சினையே கதாநாயகனாகப் போடலாமே? தெரிவிக்கவும்.'

படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஏதோ குலுங்கியது. ஓவியன் தலையைக் குனிந்துகொண்டு, தோள்கள் ஆட ஆடப் படம் வரைந்துகொண்டிருந்தான்.

"சிரிக்கிறியா?"

ஓவியன் பேசவில்லை. அவன்தான் பேச்சை நிறுத்தியிருந்தானே.

"சிரிடா சிரி! இந்த வாரம் நான் அவன் வாயை அடைக்கிறேன் பாரு. இனிமே உலகத்துல எவனும் கேள்வி கேக்க முடியாது. அப்படி ஒண்ணைத் தூக்கவைக்கிறேன்!"

சினம் தலைக்கேறிய வேகத்தில் ஒரே மூச்சில் எழுதினார். பூமி தன் பாதையிலிருந்து விலகிச் சூரியனை நோக்கிச் சரிகிறது. கடல்கள் கொதிக்கின்றன. மக்கள் அலறுகிறார்கள். மலைத்தோளன் வருகிறான். பூமியை அப்படியே தூக்கி, பழைய பாதையில் கொண்டுபோய் வைக்கிறான். 'பூமியைத் தூக்குகிறான், முழுப் பக்கப் படம்' என்று குறிப்பு எழுதி மைத்துனனிடம் வீசினார்.

மற்ற வாரமாக இருந்தால் ஓவியன் ஏதாவது கேட்டிருப்பான். இப்போது பேச்சு வார்த்தை இல்லையே? குறிப்பில் என்ன இருந்ததோ அதை வரைந்தான். மேலே பூமி. கீழே மலைத்தோளன், இரண்டு கைகளும் உயர்த்தி, நரம்பு புடைக்க. இரண்டு கால்களும் வெறும் வெள்ளைத் தாளில் அகன்று நின்றன. வியர்வை கிடையாது.

"பிரமாதம்யா!" என்றார் ஆசிரியர். இதழ் போயிற்று.

திங்கட்கிழமை வந்தது ஒரு தபால் அட்டை.

'எங்கே நின்றுகொண்டு? தெரிவிக்கவும்.'

கதாசிரியர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. மறுபடி முன்பக்கத்தைப் பார்த்தார். அந்த மூன்று சொற்களையும் முழுசாகக் கிழித்துப் போட வேண்டும் என்று தோன்றியது. கிழித்தார். கிழித்த பிறகும் அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

வீட்டுக்குப் போனார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு நாட்களாகப் பேசாதவள், அன்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மடித்த சட்டையை அலமாரியில் வைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"நானும் கேக்கணும்னு நினைச்சேன். எங்கங்க நின்னான்?"

"நிலாவுல நின்னான்!" என்று கத்தினார் கதாசிரியர். "நிலாவுல! போதுமா?"

அதுவே அடுத்த இதழில் பதிலாகவும் வந்தது.

அதற்கு வந்த கடிதம் பதினான்கு பக்கம். நடுநடுவே அளவுகோல் வைத்துப் போட்ட படங்கள். கோபுரம், குறுக்குக் கை, ஒரு முனையில் கொக்கி, மறு முனையில் எதிர்எடைக் கற்கள். அம்புக்குறிகள் வேறு. 'ஐயா, தூக்குகிறவனின் காலடியில் இருப்பது, தூக்கப்படுவதைவிட உறுதியாக இருக்க வேண்டும். நிலா பூமியைவிட மிகச் சிறியது. அதில் நின்று பூமியைத் தள்ளினால், பூமி நகர்வதற்கு முன்னால் நிலாதான் பின்னால் உதைபட்டுப் போகும். ஆகவே உங்கள் கதையில் தூக்கப்பட்டது பூமி அல்ல. தொலைந்தது நிலா. இதழ் 318-இல் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய நிலாவை அவனே உதைத்துத் தள்ளுவானா? நிலா இப்போது எங்கே? தெரிவிக்கவும்.'

கதாசிரியர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவின் முனை தாளில் குத்திக் குத்திக் கிழித்தது. எழுதி முடித்து ஆசிரியரிடம் கொண்டுபோய் நீட்டினார்.

ஆசிரியர் படித்தார். நிலாவைத் தொலைத்த வெட்கம் தாங்காமல் மலைத்தோளன் இந்த அண்டம் முழுவதையும் தோளில் தூக்குகிறான். முதுகெலும்பு 'மளுக்' என்கிறது. சாகிறான். முற்றும்.

"செத்துட்டானா?" ஆசிரியரின் குரல் இன்னும் மெலிந்தது.

"செத்துட்டான். எங்க நின்னு செத்தான்னு மட்டும் எவனாவது கேட்டா, அவனையும் சேத்துப் புதைச்சிடுவேன்!"

ஆசிரியர் தாளை நான்காக, எட்டாகக் கிழித்தார். மூன்று வருஷத்தில் அவர் ஒரு தாளைக் கிழித்துக் கதாசிரியர் பார்த்ததில்லை.

"முடியாதுய்யா. இதை மட்டும் போட முடியாது. அவர் மனசு தாங்காது."

"யார் மனசு?"

"வாசகர் மனசு."

"எத்தனையோ வாசகர்கள் இருக்காங்க! ஒருத்தன், ஒரே ஒருத்தன், வேலை வெட்டி இல்லாம என் உயிரை எடுக்கறான். அவனுக்குப் பயந்துக்கிட்டு..."

"அவரை ஒண்ணும் சொல்லாதே. உன் காலைத் தொட்டுக் கேட்டுக்கறேன்."

ஒரு பத்திரிகையின் ஆசிரியர் இப்படிக் கெஞ்சுவதைக் கேட்டதும் கதாசிரியருக்கு மீதமிருந்த பொறுமையும் போயிற்று. கடித உறையைத் தேடி எடுத்தார். பின்பக்கத்தில் விலாசம் இருந்தது. ஊருக்கு வெளியே ஏதோ கட்டடம் கட்டுகிற இடம்.

"மாமா, வேணாம்," என்றான் ஓவியன். மூன்று வாரத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை. கதாசிரியர் அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டிருந்தார்.

கட்டட வாசலில் காவலாளி அவர் தலையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்தான். அது பெரிய அளவு. ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடியது. அதைத் தூக்கித் தூக்கிவிட்டுக்கொண்டே, சேற்றில் கால் வைத்து, சிமெண்டுக் கலவை மெஷினைச் சுற்றி, கதாசிரியர் ஒரு பெரிய கிரேனின் அடியில் போய்ச் சேர்ந்தார். அங்கே கையில் சிவப்புக் கொடியும் மார்பில் வாக்கி-டாக்கியும் வைத்துக்கொண்டு ஒருவர் அண்ணாந்து நின்றார். கதாசிரியர் உறையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்த ஆள் யாரு?"

கொடிக்காரர் விரலை மேலே காட்டினார். வெகு உயரத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு.

"அண்ணன்தான். கிரேன் ஓட்டறவரு."

"கீழ இறங்கச் சொல்லுங்க."

"சாப்பாட்டுக்குக்கூட இறங்க மாட்டாரு சார். கயித்துல பை கட்டி மேல இழுத்துக்குவாரு."

"அப்ப நான் சொல்றதை அவர்கிட்ட சொல்லுங்க. அறிவிருக்கான்னு கேளுங்க!"

கொடிக்காரர் பொத்தானை அழுத்தினார். "அண்ணே, கீழ ஒரு சார் வந்திருக்காரு. சௌக்கியமான்னு கேக்குறாரு."

"நான் எப்பய்யா அப்படிக் கேட்டேன்?"

"சார், உங்க தலைக்கு மேல நாலு டன் கம்பி தொங்குது. இப்ப அவரைக் கோபப்படுத்தலாமா?"

கதாசிரியர் அண்ணாந்தார். ஹெல்மெட் பின்னால் விழுந்தது. மேலே ஒரு கட்டு இரும்புக் கம்பி, வானத்தில் படுத்திருப்பது போல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அவசரமாக ஹெல்மெட்டைப் பொறுக்கிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். அங்கிருந்து கத்தினார்.

"மலைத்தோளன் கதை எழுதறவன் வந்திருக்கேன்னு சொல்லுங்க!"

கொடிக்காரர் சொன்னார். கம்பிக் கட்டு அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. வாக்கி-டாக்கி கரகரத்தது.

"யாரு? அவரா? நிஜமாவா? தம்பி, அவரை அந்த நிழல்ல நிக்க வைப்பா. ஹெல்மெட் போட்டிருக்காரா பாரு. தண்ணி ஏதாவது குடுத்தியா?"

கதாசிரியர் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் எவனுக்குத்தான் கோபம் வராது? ஓடி வந்து வாக்கி-டாக்கியைப் பிடுங்கினார்.

"உங்களுக்கு என்னய்யா வேணும்? நிலா எங்க போனா உங்களுக்கு என்ன? நிலா என்ன உங்க வீட்டுப் பாத்திரமா?"

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் இருபத்தாறு வருஷமா தூக்கறவன். தூக்கறது பெரிய விஷயமே இல்ல. கால் எங்க நிக்குதுங்கறதுதான் விஷயம். அதைத்தான் கேட்டேன்."

"அது கதைய்யா! கதை!"

"கதைன்னாலும் கால் வேணுமே சார்."

"அதுவும் சரிதானே?" என்றார் கொடிக்காரர்.

"நீ பேசாதய்யா!"

அப்போது வாக்கி-டாக்கியில் வேறொரு குரல் நுழைந்தது. "நான் வடக்குப் பக்கக் கிரேன்லேருந்து பேசறேன். நிலா எங்கன்னு கேட்டாரே, அதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க." மூன்றாம் மாடியிலிருந்து இன்னொரு குரல்: "முதல்ல பஸ் கனமா, நிலா கனமா? அதைச் சொல்லுங்கப்பா." எல்லாம் ஒரே அலைவரிசையில் இருந்ததால், அந்தக் கட்டடம் முழுக்க வாக்கி-டாக்கி வைத்திருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாரத்தின் மேல் நின்ற கொத்தனார்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் வாயை மூடுங்க!" கதாசிரியரின் குரல் கீச்சிட்டது. "யோவ், மேல இருக்கிறவரே! ஒவ்வொரு திங்கக்கிழமையும் நான் மாடிப்படியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். பொண்டாட்டி ரெண்டு வாரம் பேசல. மச்சான் மூணு வாரம் பேசல. எல்லாம் உங்களாலதான்!"

"நான் உங்களுக்குக் கஷ்டம் குடுக்கணும்னு எழுதல சார்," என்றது மேலே இருந்த குரல். "இங்க தனியா உக்காந்திருப்பேன். காத்து அடிச்சா வேலையை நிறுத்திடுவாங்க. அப்ப அதைத்தான் எடுத்து எடுத்துப் படிப்பேன். அந்த வியர்வையைப் பாத்தப்போகூட எனக்கு..."

"வியர்வையா? மறுபடியும் வியர்வையா?" ஒரு கணம் இளகப் போன கதாசிரியர் மறுபடி கொதித்தார். "இனிமே எங்க பத்திரிகையைக் கையால தொடாதீங்க! எனக்குப் பத்திரிகை வேணாம்னு எழுதிக் குடுங்க. இப்பவே! எழுதிக் குடுத்தாத்தான் இந்த இடத்தைவிட்டு நகருவேன்!"

வாக்கி-டாக்கியில் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. வடக்குப் பக்கக் கிரேனும் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி சார்."

கூண்டிலிருந்து ஒரு கயிறு இறங்க ஆரம்பித்தது. நுனியில் சாப்பாட்டுப் பை ஆடி ஆடி, நின்று நின்று, வெகு நேரம் இறங்கியது. கீழே நின்றவர்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடிக்காரர் பையைப் பிடித்து உள்ளே கைவிட்டார். ஒரே ஒரு துண்டுக் காகிதம். அதே சாய்ந்த கையெழுத்து.

'ஐயா, எனக்குப் பத்திரிகை போதும். இந்த வாரத்தோடு நிறுத்திவிடவும். இத்தனை நாள் எழுதியதற்கு நன்றி.'

'தெரிவிக்கவும்' இல்லை.

"தம்பி," என்றது வாக்கி-டாக்கி. "கம்பி இடது பக்கமா, வலது பக்கமா?"

"இடது அண்ணே," என்றார் கொடிக்காரர். கதாசிரியரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கதாசிரியருக்கு ஏனோ கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பஸ் ஏறி உட்கார்ந்ததும் அது குறைந்தது. ஆபீஸ் நிறுத்தம் வருவதற்குள் மார்பு நிமிர்ந்துவிட்டது. நிலாவை இழுத்தவன்கூட அப்படி நடந்திருக்க மாட்டான். மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறினார். ஆசிரியரும் ஓவியனும் எழுந்து நின்றார்கள். பார்சல்காரர் மூலையில் எதையோ தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டேன்!" காகிதத்தை ஆசிரியர் முன்னால் விசிறிப் போட்டார். "இனிமே கடுதாசியும் இல்ல, தெரிவிக்கவும் இல்ல. அந்த ஆளே போதும்னு கைப்பட எழுதிக் குடுத்துட்டாரு. பாருங்க!"

ஆசிரியர் படித்தார். பின்னால் கையை நீட்டி நாற்காலியைத் தேடினார். அது அங்கே இல்லை. ஓவியன் இழுத்துப் போட்ட பிறகு உட்கார்ந்தார்.

"என்னய்யா பண்ணிட்டு வந்தே?"

"ஏன் சார்? நல்லதுதானே?"

"இந்தப் பத்திரிகையை ஆரம்பிச்ச பெரிய முதலாளி சாகறப்போ உயில் எழுதிவெச்சாருய்யா. அவரை நம்பி ஆயுள் சந்தா சேந்தவங்கள்ல கடைசி ஆள் போதும்னு சொல்ற வரைக்கும் பத்திரிகையை நிறுத்தக் கூடாதுன்னு. அந்த உயிலை வெச்சுத்தான் நாம மூணு பேரும் இங்க உக்காந்திருக்கோம். எப்ப மூடலாம், எப்ப மூடலாம்னு கீழ அச்சகம் நடத்தற அவர் பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"சரி, அதுக்கென்ன இப்ப?" கதாசிரியருக்குப் புரியவில்லை. மறுபடி கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. "ஒருத்தர் போதும்னு சொன்னா என்ன சார்? மத்தவங்க எல்லாம் இருக்காங்கல்ல?"

ஓவியன் கதாசிரியரைப் பார்த்தான். மூலையிலிருந்த பார்சல்காரர், சுற்றிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"மத்தவங்க யாரு சார்? ஆறு வருஷமா நான் அனுப்பறதே இந்த ஒரு பிரதிதானே?"